கையுறைக்கு முன்னால் ஷூ: பெங்களூரு டர்ஃபில் ரிசீவர் ஆடுபவர்களுக்கான சாமான்கள்

ஃபிளாக் ஃபுட்பால் என்பது அமெரிக்க ஃபுட்பாலின் மோதல் இல்லாத வடிவம்; பந்து வைத்திருப்பவரின் இடுப்புக் கொடியைப் பறித்தால் அவரை நிறுத்தியதாகக் கணக்கு. பெங்களூரில் வார இறுதியில் இதற்கு, அதிலும் எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவராக, புதிதாக வருகிற ஆள் முதலில் வாங்குவது கையுறை. ஷூ ஆபீஸ் ஃபுட்சாலுக்கு வாங்கிய பழசாக இருக்கும், பந்து யாரோ நண்பனுடையதாக இருக்கும், கையுறை மட்டும் புத்தம் புதிதாகப் பளபளக்கும். காரணம் தெரிந்ததுதான். 2014 நவம்பர் 23 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸின் ஓடெல் பெக்கம் ஜூனியர், டல்லாஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக, மல்லாந்து விழுந்துகொண்டே வலது கையின் மூன்று விரலால் 43 கெஜ டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் ஸ்கோர்) ஒன்றைப் பிடித்தார். தடுத்தவர் செய்தது ஃபவுல் என்று நடுவர் கொடி வேறு எறிந்தார். அந்த ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் 31-28 என்று தோற்றது இன்றைக்குப் பலருக்கு நினைவிருக்காது. படத்தைப் பார்த்த எல்லாருடைய கண்ணும் போனது அந்தக் கையுறை மேல்.

இந்த வாங்கும் வரிசை தலைகீழ். ஷூ முதலில், பந்து அடுத்து, கையுறை மூன்றாவதாக வந்தால் போதும். ஆனால் எல்லாரும் கேட்பது கையுறையைப் பற்றித்தான் என்பதால் அதையே முதலில் பார்த்துவிடலாம்.

சிவாஜிநகர், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்து ஸ்போர்ட்ஸ் கடைகளில் ரிசீவர் கிளவுஸ் என்று கேட்டால் அநேகமாக கோல்கீப்பர் கையுறையை எடுத்துப் போடுவார்கள். அது உதவாது. அதன் உள்ளங்கை தடித்த லேட்டக்ஸ் நுரை. வேகமாக வரும் உருண்டைப் பந்தின் அடியைத் தாங்கச் செய்தது. கூர்முனைப் பந்து சுழன்று வரும்போது அதன் தோல் விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். நுரை அதை மறைத்துவிடும். விக்கெட் கீப்பர் உள்ளே போடும் பருத்தி இன்னர் இன்னும் மோசம், பந்து வழுக்கிக்கொண்டு போகும். சைக்கிள் கையுறையில் உள்ளங்கையில் திண்டு வைத்திருப்பார்கள், அதுவும் ஆகாது.

ரிசீவருக்கென்றே செய்த கையுறையில் இங்கே கிடைப்பவற்றை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். ஒன்றில் உள்ளங்கை முழுவதும் ஒட்டுத்தன்மை கொண்ட சிலிக்கான் அல்லது பாலியூரித்தேன் படலம். கட்டர்ஸ், நைக்கி, அடிடாஸ் போன்ற பிராண்டுகளின் மேல்தட்டு மாடல்கள் இந்த வகை. பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து, அமெரிக்க விலையைப் பார்த்துப் போட்ட கணக்கு தப்பிப் போகும். இன்னொன்றில் சாதாரணத் துணி மேல் சிலிக்கான் புள்ளிகளையோ கோடுகளையோ அச்சடித்திருப்பார்கள். விலை குறைவு. படத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உள்ளங்கையின் நெருக்கப் படம் போடாமல் புறங்கையை மட்டும் நான்கு கோணத்தில் காட்டுகிற விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். புள்ளி அச்சு முதலில் உதிர்வது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், அதாவது பந்து வந்து உட்காருகிற அதே இடத்தில். மிச்ச இடமெல்லாம் புதிதாக இருக்கும், அங்கே மட்டும் வழுவழுவென்று ஆகிவிடும். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கான கையுறையில் நாக்சே போன்ற அமெரிக்கத் தரக் குழுவின் முத்திரை இருக்கும்; இங்கே யாரும் அதைக் கேட்கப் போவதில்லை என்றாலும், அது இருந்தால் பெயர் தெரியாத பட்டறைச் சரக்கு இல்லை என்றாவது நம்பலாம்.

ஒட்டும் சக்தியைவிட அளவு முக்கியம். கட்டை விரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளந்து பாருங்கள். பிறகு நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை நீளம். இரண்டையும் அந்தந்த பிராண்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய லார்ஜ். சுற்றளவும் நீளமும் வேறு வேறு சைஸைக் காட்டினால் நீளத்தை நம்புங்கள். சுற்றளவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் துணி இழுத்துக் கொடுக்கும், விரல் நுனியில் தொங்குகிற வெற்றுத் துணியை ஒன்றும் செய்ய முடியாது. நுனியில் அரை சென்டிமீட்டர் சும்மா தொங்கினாலே பந்து முதலில் தொடுவது வெறும் துணியை. அது மடங்கும், பந்து நழுவும்.

போட்டுப் பார்க்கும்போது இரண்டு நிலையைச் செய்து பாருங்கள். மார்புக்கு மேலே வரும் பந்துக்கு இரண்டு கட்டை விரலும் இரண்டு ஆள்காட்டி விரலும் சேர்ந்து முக்கோணமாகும். இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சுண்டு விரல்கள் சேர வேண்டும். முதல் நிலையில் கட்டை விரல் இடுக்கில் துணி சுருங்கி மடிப்பு விழுந்தால் அந்தக் கையுறை வேண்டாம். விரல் நுனித் தையல் வெளிப்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்பக்கத் தையல் நகத்தருகே உறுத்தும். அதற்குப் பயந்து விரலை முழுசாக விரிக்காமலே பிடிக்கிற பழக்கம் வந்துவிடும்.

இனி பராமரிப்பு. விலை உயர்ந்த கையுறையை வாங்கிவிட்டு ஏமாந்தேன் என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏமாந்தது இங்கேதான். செம்மண் மைதானத்தில் ஆடினால் நுண்ணிய தூசி படலத்தை அடைத்துவிடும். டர்ஃபில் ஆடினால் கறுப்பு ரப்பர் துகள் ஒட்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இடுப்பில் ஈரத் துண்டு. ஒவ்வொரு தோசைக்கு முன்பும் கல்லைத் துடைப்பது போல, ஒவ்வொரு எறிதலுக்கு முன்பும் உள்ளங்கையை ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும். முழுப் படல வகையில் ஒட்டுத்தன்மை அங்கேயே திரும்பி வரும். நிறையப் பேர் விரலில் எச்சில் தொட்டுக்கொள்வது ஏதோ பயன் தருவதும் இதனால்தான். தூசி போகிறது, அவ்வளவே.

தூசியைவிடப் பெரிய எதிரி எண்ணெய். நம்மூர்த் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும், முகத்தில் சன்ஸ்கிரீன் இருக்கும். பந்தைத் தவறவிட்டதும் கை தானாகத் தலைக்குப் போகும். அதோடு அந்தக் கையுறையின் வேலை அன்றைக்கு முடிந்தது. ஈரத் துண்டு எண்ணெயை எடுக்காது. வீட்டுக்கு வந்து குளிர்ந்த தண்ணீரில் இரண்டு சொட்டு மென்மையான திரவ சோப்பு விட்டு, கையில் போட்டபடியே கை கழுவுவது மாதிரி கழுவி, அலசி, நிழலில் காய வைக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது; படலத்தின் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு படிந்து வழுக்க ஆரம்பிக்கும். ஸ்பிரிட், சானிட்டைசர் இரண்டும் படலத்தை வறட்டி வெடிக்க வைக்கும். கழற்றும்போது விரல் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முதலில் கிழிவது கட்டை விரல் தையல். ஒவ்வொரு விரலையும் கொஞ்சம் தளர்த்திவிட்டு மணிக்கட்டிலிருந்து கழற்றுங்கள். புதிதாக வாங்கும்போது உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். காய்ந்த பிறகு அதை நடுவில் வைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து வையுங்கள். தாள் இல்லாமல் சேர்த்து ஸ்கூட்டர் டிக்கியில் மதிய வெயிலில் விட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, பிரிக்கும்போது படலம் உரிந்து வரும்.

ஒட்டுகிற ஸ்பிரே, பேஸ்ட் எதுவும் வாங்காதீர்கள். அந்தக் கதை அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் எப்போதோ முடிந்தது. ஓக்லாண்ட் ரெய்டர்ஸின் ஃபிரெட் பிலெட்னிகாஃப் ஸ்டிக்கம் என்கிற பசையைக் காலுறையில் அப்பி வைத்து, ஆட்டத்தின் நடுவே தொட்டுக்கொள்வார். 1977 ஜனவரியில் நடந்த, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் அவர்தான். அதே அணியில் எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக் லெஸ்டர் ஹேஸ் அதை அளவில்லாமல் பூசிக்கொள்ளத் தொடங்கிய பிறகு, 1981-இல் பசைக்கே தடை வந்தது. ஃபிளாக் ஃபுட்பால் விதிகளிலும் கையுறைக்கு அனுமதி உண்டு, பசைக்கு இல்லை.

கையுறை உதவும், சந்தேகமில்லை. ஆனால் என்.எஃப்.எல். ரிசீவர் ஜெரி ரைஸின் கை எப்படி உருவானது என்று தெரிந்தால் விலைப் பட்டியலைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறும். கொத்தனார் அப்பாவுக்கு உதவியாக வேலைக்குப் போய், சகோதரர்கள் எறிந்த செங்கலைப் பிடித்துப் பழகிய கை அது. 20 சீசன், 1,549 கேட்ச், 22,895 கெஜம். இன்னொரு ரிசீவரான லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கண் மருத்துவத் துறையில் இருந்த தாத்தா சிறு வயதிலேயே கண்-கை பயிற்சிகள் கொடுத்தார்; 17 சீசன் ஒரே அணிக்கு ஆடி 1,432 கேட்ச் எடுத்தார். நம் அளவுக்கு ஒரு டென்னிஸ் பந்தும் ஒரு சுவரும் போதும். ஒற்றைக் கையால், பந்து விரலில் படுகிற வரை அதைப் பார்த்துக்கொண்டே பிடிக்க வேண்டும். வாரத்தில் பாதிப் பயிற்சியை வெறும் கையில் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எந்தக் கையுறையும் விரலைக் காப்பாற்றாது. நேராக வந்த பந்தின் முனை விரல் நுனியில் குத்தினால், நுனி எலும்பைத் தூக்கிப் பிடிக்கும் நாண் அறுந்துபோகலாம். விரலின் கடைசிக் கணு கீழே தொங்கி, தானாக நிமிராமல் இருந்தால் அது சுளுக்கு இல்லை. பக்கத்து விரலோடு டேப் சுற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடராமல் டாக்டரிடம் போக வேண்டும். வழக்கமான சிகிச்சை 6 முதல் 8 வாரம் கழற்றாமல் போடும் ஸ்ப்ளின்ட். நடுவில் ஒரு தடவை மடக்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பந்துக்கு வருவோம். என்.எஃப்.எல். பந்தை 1941 முதல் வில்சன் நிறுவனம் செய்கிறது; இப்போது ஒஹையோ மாநிலத்து ஏடா என்ற சிற்றூரில், மாட்டுத் தோலில். அது அழகான சாமான், ஆனால் பெங்களூரு மழைக்கு ஆகாது. தோல் ஈரம் குடித்து ஊதி, கனத்துவிடும். செப்டம்பர், அக்டோபர் மாலை ஆட்டங்களுக்குச் செயற்கைத் தோலான காம்போசிட் பந்துதான் சரி. தோல் பந்து யாராவது அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தால், அதன் புது மெழுகுத்தன்மை போகும் வரை ஷூ பாலிஷ் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

இணையத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் என்ற பெயரில் வருகிறவற்றில் பாதி சிறுவர் அளவு. முழு அளவுப் பந்தின் எடை 397 முதல் 425 கிராம், நீளம் 11 அங்குலத்துக்குச் சற்று மேல், நடுவில் குறுக்குச் சுற்றளவு 21 அங்குலத்துக்குச் சற்று மேல். சமையலறைத் தராசும் தையல் டேப்பும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வில்சனில் டி.டி.ஒய்., டி.டி.ஜே., கே2 என்ற குறிகள் இருந்தால் அவை வயது வாரியாகக் குறைந்த அளவுகள். பெரியவர் பழகுவதற்கு இல்லை. லேஸ் உண்மையாகவே கோர்த்ததா, அச்சில் வார்த்ததா என்று நகத்தால் தூக்கிப் பாருங்கள். வார்த்த லேஸில் எறிபவருக்குப் பிடிப்பு கிடைக்காது, பந்தின் சீரான சுழற்சி (ஸ்பைரல்) ஆடும், ஆடுகிற பந்தை எந்தக் கையுறையும் ஒழுங்காகப் பிடித்துத் தராது. வழவழப்பான தரையில் பந்தைப் படுக்க வைத்துச் சுழற்றினால் உருவம் கோணலாக இருப்பதும் தெரியும்.

காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருக்கிறது. சென்னையில் 13-க்கு நிரப்பிய பந்தை ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுவந்தால் கேஜ் அதே எண்ணைக் காட்டாது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம்; வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. குறைவு, அந்த அளவுக்குப் பந்து கெட்டியாகும். சென்னையைவிட 10 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால் அது அதில் கிட்டத்தட்ட 1 பி.எஸ்.ஐ.யைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். கடைசியில் பந்து மேல் வரம்பைத் தொட்டோ தாண்டியோ நிற்கும். கெட்டியான பந்து கையில் உட்காராமல் துள்ளும், பழி கையுறை மேல் விழும். மென்மையான பந்து பிடிக்கச் சுலபம். 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் பந்துகளில் காற்று குறைந்திருந்த விவகாரம், டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை வரை போனது இதனால்தான். மைதானத்துக்கு வந்து, பந்து அந்த இடத்துச் சூட்டுக்குப் பழகின பிறகு அளந்து பாருங்கள். ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும், அதற்குப் பஞ்சர் ஒட்டுகிற ஆள் கிடையாது.

கடைசியாக, முதலில் வாங்க வேண்டியது: ஷூ. அந்த மூன்று விரல் கேட்ச் எடுத்த ஆண்டில் பெக்கம் 12 ஆட்டத்தில் 91 கேட்ச், 1,305 கெஜம் எடுத்துச் சிறந்த புதுமுகமானார். அவருடைய ஆட்ட வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது கை இல்லை, இடது முழங்கால். 2020 அக்டோபரில் ஏ.சி.எல். என்ற முழங்கால் தசைநார் கிழிந்தது. 2022 பிப்ரவரி சூப்பர் பவுலில் முதல் டச்டவுனை எடுத்துவிட்டு, இரண்டாவது கால் பகுதியில், செயற்கைப் புல்லில், யாரும் தொடாமலே மறுபடி கிழிந்தது. அடுத்த சீசன் முழுவதும் ஆடவில்லை. அதன் பிறகு பால்டிமோர், மயாமி என்று அணி மாறினார், பழைய எண்ணிக்கைகள் திரும்பவில்லை. ஒரு என்.எஃப்.எல். வீரரின் சராசரி ஆட்ட வாழ்க்கை 3.3 ஆண்டு என்று வீரர் சங்கம் சொல்வதன் பின்னால் இப்படிப்பட்ட கால்கள் நிறைய.

ரிசீவரின் வேலையே முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று திரும்புவது. கர்ல் ரூட்டில் (ரூட் என்பது ரிசீவர் ஓடும் பாதை) 10 கெஜம் ஓடி, இரண்டு மூன்று எட்டில் பிரேக் போட்டு எறிபவர் பக்கம் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் ஷூ புல்லில் மாட்டிக்கொண்டால் உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது; நடுவில் இருப்பது முழங்கால். பெல்லந்தூர், எச்.எஸ்.ஆர்., ஒயிட்ஃபீல்டு பக்கத்துப் பெட்டி டர்ஃப்களுக்கு எஃப்.ஜி. என்று குறித்த நீள ஸ்டட் ஷூ வேண்டாம். அது இயற்கைப் புல்லுக்கானது. பிளேடு வடிவ ஸ்டட் இன்னும் மோசம், நிறைய டர்ஃப்களில் உள்ளேயே விடமாட்டார்கள். டி.எஃப். என்று குறித்த, அடியில் சின்னச் சின்ன ரப்பர்க் குமிழ்கள் நெருக்கமாக உள்ளதுதான் சரி. துகள் ஆழமாகப் போட்ட பெரிய டர்ஃபுக்கு ஏ.ஜி. ரகம். சாதாரண ஓட்ட ஷூவில் உயரமான மெத்தைக் குதிகால் இருக்கும். நேராக ஓடச் சுகம், பக்கவாட்டில் திரும்பினால் கணுக்கால் மடங்கும்.

கடையில் ஷூவைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் மடிய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் வைத்துவிடுங்கள். முன்பாகம் துணி மாதிரி தளர்ந்திருந்தால் பெருவிரல் பின்னால் அளவுக்கு மீறி வளைந்து, அதன் அடி மூட்டு வீங்கும். டர்ஃபில் ஓடுபவர்களுக்கு அடிக்கடி வரும் அந்தக் காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஆடும்போது போடும் அதே காலுறையோடு அளவு பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலத்தில் பாதி இடம் போதும். அதற்கு மேல் இருந்தால் பிரேக் போடும்போது பாதம் உள்ளே முன்னால் வழுக்கி நகம் கறுக்கும். கையுறைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இதற்குத் திருப்பிவிடுவது நல்லது.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் ஃபிளாக் ஃபுட்பாலைச் சேர்த்தது. 2025 மே மாதம் என்.எஃப்.எல். அணி உரிமையாளர்களும் தங்கள் வீரர்கள் அதில் ஆடலாம் என்று வாக்களித்தார்கள். அதற்குப் பிறகு பெல்ட், கொடி விற்பவர்கள் ஆன்லைனில் பெருகியிருக்கிறார்கள். வெல்க்ரோ ஒட்டுக் கொடி வாங்காதீர்கள்; டர்ஃப் நார் அடைத்து இரண்டு மாதத்தில் தானாகவே கழன்று விழும், ஒவ்வொரு ஆட்டத்திலும் சண்டை வரும். டப்பென்று சத்தத்தோடு கழலும் சாக்கெட் வகையில், இரண்டு இடுப்புப் பக்கமும் ஒவ்வொரு கொடி உள்ளது போதும். ஐவர் ஆட்டத்தின் முழு மைதானம் 70 கெஜ நீளம், 25 கெஜ அகலம். நம் பெட்டி டர்ஃப் பெரும்பாலும் அவ்வளவு வராது. அதனால் நேராக ஆழத்துக்கு ஓடும் கோ ரூட்டை விட்டுவிட்டு, குறுக்காக வெட்டி ஓடும் ஸ்லான்ட், கர்ல் என்று பழகுவதே நடைமுறை; பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வலையில் மோதுபவர்களை வாராவாரம் பார்க்கலாம்.

ஷார்ட்ஸில் பாக்கெட் இருக்கக் கூடாது என்பது விதி. கொடியைப் பறிக்க வருகிறவரின் விரல் அதில் மாட்டி முறியும். கொடியின் நிறமும் ஷார்ட்ஸின் நிறமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இதற்கென்று தனி ஷார்ட்ஸ் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை; இருக்கிற கறுப்பு ஷார்ட்ஸைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் இரண்டு பாக்கெட்டையும் தைத்து மூடிக் கொடுத்துவிடுவார்.